கணவரின் நிலை: இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்க

அரசாங்க உத்தியோகத்தர் ஓய்வு பெற்றால் மாலை போட்டு, கேக் வெட்டி, கையில் ஒரு சுவர் மணிக்கூட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். என் மனைவி சுகந்தி ஆசிரியை. அவளுடைய பாடசாலையில் அப்படிப் பல மணிக்கூடுகள் கைமாறியதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருந்தபடி, எந்தக் கம்பனியிலும் சேராமல், மென்பொருள் எழுதிப் பிழைத்தவன் ஓய்வு பெற்றால் என்ன நடக்கும் என்று கேட்கிறீர்களா? மடிக்கணினியை மூடி அலுமாரிக்குள் வைத்தேன். சுகந்தி வந்து, "இஞ்சருங்கோ, அந்தத் தட்டில நான் சீலை வைக்கிறனான்" என்று சொல்லி அதைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினாள். பிரிவுபசார விழா அத்துடன் இனிதே நிறைவுற்றது.

இதை எழுதும்படி கேட்டவள் என் அக்காவின் மகள் தாரணி. கிளிநொச்சியில் நண்பர்களோடு சேர்ந்து கணினி வகுப்பு நடத்துகிறாள். அவர்கள் வெளியிடும் சிறப்பு மலருக்கு என்னுடைய "வெற்றிப் பயணம்" வேண்டுமாம். கேள்விகளையும் அனுப்பியிருந்தாள். உங்களைத் தூண்டிய கனவு எது? தோல்விகளை எவ்வாறு வாய்ப்புகளாக மாற்றினீர்கள்? குடும்பத்தையும் தொழிலையும் எப்படிச் சமநிலைப்படுத்தினீர்கள்? இவ்வளவு துப்புரவான தமிழில் தாரணி எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துக்கூட அனுப்பியதில்லை.

"ஆரடி இதை எழுதினது?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"ஏஐ, மாமா. நாங்கள் இப்ப எல்லாத்தையும் அதிட்டத்தான் கேக்கிறனாங்கள்."

"அப்ப பதிலையும் அதிட்டயே கேளுங்கோவன்."

"கேட்டனாங்கள். நல்ல வடிவாத்தான் எழுதித் தந்தது. ஆனா வாசிச்சா உங்களை மாதிரி இல்லை. நீங்கள் இவ்வளவு நல்ல மனிசனாக் கதைக்க மாட்டியள்."

அந்த ஒரு நேர்மையான வார்த்தைக்காக எழுதுகிறேன்.

கனவு ஒன்றும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து, நெளுக்குளத்தில் ஓர் அறை எடுத்து இருந்தபோது பக்கத்து ஒழுங்கையில் கணினி வகுப்பு நடந்தது. வேறு எந்த வகுப்பும் நடந்து போகிற தூரத்தில் இல்லை. அதனால் அதில் சேர்ந்தேன். கணினியைவிட மாணவர் அதிகம் என்பதால் வாத்தியார் மட்டையில் விசைப்பலகையைக் கீறித் தந்து விரல் பழக்கினார். மின்சாரம் வந்தால் கணினி, வராவிட்டால் மட்டை. பெரும்பாலும் மட்டைதான். பிறகு ஒரு தட்டச்சுக் கடையில் மற்றவர்களின் மனுக்களை அடித்துக் கொடுத்தேன். அங்கே இருந்த பழைய புத்தகங்களைப் பார்த்து மென்பொருள் எழுதப் பழகினேன். என் கல்வி வரலாறு இவ்வளவுதான். இதை நீட்டி எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

சுதந்திரத் தொழில் என்று இப்போது மேடை போட்டுப் பேசுகிறார்கள். முதலாளி இல்லாத வாழ்க்கையாம். ஒரு முதலாளி இருக்க வேண்டிய இடத்தில் உலகம் முழுக்க முதலாளிகள் இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் விடியும். இதை மேடையில் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து எங்கள் ஆள் ஒருவர் தன் ஊர்க் கோயிலுக்கு இணையத்தளம் கேட்டார். திறந்தவுடன் மணி அடிக்க வேண்டும், பூ விழ வேண்டும், தீபம் சுற்ற வேண்டும். செய்து கொடுத்தேன். "அம்மன்ர படத்தைக் கொஞ்சம் பெருப்பியுங்கோ தம்பி" என்றார். பெருப்பித்தேன். அடுத்த நாள், "உபயகாரற்ற படம் சின்னனாத் தெரியுது" என்றார். உபயகாரர் அவரேதான். கடைசியில் அவருடைய மீசைக்குக் கீழே அம்மன் இருந்தாள். அதற்குப் பிறகுதான் மனிதருக்குத் திருப்தி வந்தது.

குடும்பச் சமநிலையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். வீட்டில் இருந்து வேலை செய்கிறவன் வீட்டில் சும்மா இருக்கிறவன் என்பது நெளுக்குளத்தின் அசைக்க முடியாத முடிவு. மனைவி உழைக்கப் போகிறாள், புருஷன் சாரத்தோடு இருந்து படம் பார்க்கிறான் என்று ஒழுங்கை முழுவதும் கதை. என் மாமியாரே குசினிக்குள் இருந்து குரல் கொடுப்பார். "தம்பி, சும்மாதானே இருக்கிறியள், ஒருக்கா மில்லுக்குப் போட்டு வாங்கோவன்." அங்கே ஒரு அவுஸ்திரேலியாக்காரன் தன் கடையின் இணையத்தளம் விழுந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருப்பான். நான் இங்கே மிளகாய்த்தூளுக்கு வரிசையில் நிற்பேன். சொந்தக்காரர் இன்னும் மோசம். வானொலிப்பெட்டி, மின்விசிறி, ஒரு தடவை தண்ணீர் சூடாக்கும் கேத்தில், எல்லாம் திருத்த என்னிடம் வந்தன. கணினி தெரிந்தவனுக்குக் கேத்தில் தெரியாதா?

இதற்கு மருந்து கண்டுபிடித்தவள் சுகந்தி.

"நாளையில இருந்து வெள்ளன எழும்பிக் குளிச்சு, நீளக் காற்சட்டையும் சேட்டும் போட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு முன்னறையில இருங்கோ."

"வீட்டுக்குள்ள சப்பாத்தோ?"

"சப்பாத்துத்தான் முக்கியம்."

போட்டுக்கொண்டு இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டையும் அவள் காலையிலேயே பார்சலாகக் கட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். குசினியில் சூடான சோறு இருக்க, முன்னறையில் ஆறிப்போன பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டேன். ஒரு கிழமைக்குள் ஊர் திருந்திவிட்டது. கேத்திலோடு வந்த ஒருவரை மாமியாரே வாசல் படலையில் மறித்து, "மருமோன் வேலையில நிக்கிறார், பின்னேரம் வாங்கோ" என்று அனுப்பினார். நான் படித்ததை, எழுதியதை, இரவு பகலாகக் கண் கெட உழைத்ததை எவனும் மதிக்கவில்லை. ஒரு சோடிச் சப்பாத்தை மதித்தார்கள். கால்விரலெல்லாம் அவிந்தாலும் கடைசிவரை நான் அதைக் கழற்றவில்லை.

இனி, என் தொழிலில் உண்மையாகவே சொல்லத் தக்க ஒரு விசயத்துக்கு வருகிறேன். இது தாரணி கேட்ட கேள்விகளில் இல்லை.

யுத்தம் முடிந்து சனம் மீளக் குடியேறிய பிறகு, வன்னிக்குள் தொண்டு நிறுவனங்கள் வாகனம் வாகனமாக வந்தன. அவற்றில் ஒன்று, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி கொடுக்கப் புறப்பட்டது. ஆடு, மாடு, தையல் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் மோட்டார் என்று தேவைக்கேற்பக் கொடுப்பார்கள். யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். கேள்விகளைக் கையில் பிடிக்கும் சிறு கணினியில் ஏற்றி, பதில்களைச் சேர்த்து, தகுதியானவர்களைத் தானாகப் பிரித்துக் கொடுக்கிற மென்பொருளை எழுதும் வேலை எனக்கு வந்தது.

என் மேலாளராக இருந்தவர் கொழும்பில் இருந்த தயாளன். நல்ல சேட், நல்ல ஆங்கிலம், நல்ல குளிர் அறை. எல்லாரையும் "பிரதர்" என்பார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சம்மதம் என்றால் மின்னஞ்சல் அனுப்புவார், வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்கும் பிரதி போட்டு, நாலு ஆச்சரியக்குறியோடு. மறுப்பு என்றால் தொலைபேசிதான். அவர் "இல்லை" என்று எழுதியதை ஒருவரும் கண்டதில்லை. எழுத்தில் அவர் எதையும் மறுக்காத உத்தமர். நடக்காத எல்லாவற்றுக்கும் காரணம் எங்களைப் போன்றவர்கள்.

வேலை முறையும் அதற்கேற்றபடிதான். ஒரு கேள்வியில் ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் மாற்றக் கோரிக்கை ஒன்றை நான் நிரப்பி அனுப்ப வேண்டும். ஏன் மாற்றுகிறோம், மாற்றாவிட்டால் என்ன ஆகும், மாற்றினால் யாருக்குப் பாதிப்பு என்று எழுத வேண்டும். அது கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வரும். அல்லது வராது. வராததைப் பற்றிக் கேட்டால் தயாளன் தொலைபேசி எடுப்பார். கேள்விகள் எல்லாம் வெளிநாட்டில் தயாரானவை. குளிர்காலத்தில் வீட்டை எப்படிச் சூடாக்குகிறீர்கள் என்றுகூட ஒன்று இருந்தது. கிளிநொச்சி வெயிலில் அதைக் கேட்டுவிட்டு, வீடு வீடாகப் போகிற எங்கள் பிள்ளைகள் உயிரோடு திரும்ப வேண்டும் என்று மன்றாடி எடுப்பித்தேன்.

அந்தக் கேள்விகளில் ஒன்று "கணவரின் நிலை". கீழே இரண்டு விடைகள். உயிருடன் உள்ளார். இறந்துவிட்டார். ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். இறந்துவிட்டார் என்றால் அது பெண் தலைமை தாங்கும் குடும்பம், உதவிக்குத் தகுதி. உயிருடன் உள்ளார் என்றால் தகுதியில்லை.

வன்னியில் இப்படி ஒரு கேள்வியை இரண்டு விடையோடு தயாரிக்க எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டிலேயே மூன்றாவது விடை இருந்தது. என் அக்கா மலர் வட்டக்கச்சியில் இருக்கிறாள். யுத்தத்தின் கடைசி நாட்களில் சனநெரிசலில், "பிள்ளையைக் கொண்டு நீ முன்னால போ, நான் வாறன்" என்று சொன்ன அத்தான் வரவில்லை. அந்தப் பிள்ளைதான் தாரணி. அக்கா போகாத அலுவலகம் இல்லை, கொடுக்காத மனு இல்லை, நிற்காத போராட்டம் இல்லை. நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, எல்லாம் அப்படியே இருந்தன.

மூன்றாவது விடை ஒன்றைச் சேர்க்கும்படி முறைப்படி கோரிக்கை அனுப்பினேன். தயாளன் தொலைபேசி எடுத்தார். தொலைபேசி என்றதுமே விளங்கிவிட்டது.

"பிரதர், அந்த மூன்றாவது ஒப்ஷன் வேணாம்."

"அப்ப காணாமல் போன ஆக்களை எதில போடுறது சேர்?"

"முதல்ல அந்தச் சொல்லே வேணாம். இங்க கொழும்பில அது சென்சிட்டிவ்."

"சரி, 'தெரியாது' எண்டாவது போடட்டோ?"

"'தெரியாது' கூடினா டேட்டா குவாலிட்டி குறைஞ்சிடும். மேல கேள்வி கேப்பாங்க."

"உண்மையாவே தெரியாது சேர். அவைக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவை சொல்லுறதும் இல்லை."

"அதைத்தானே நானும் சொல்றேன், சென்சிட்டிவ். ரெண்டுல ஒண்டா இருக்கட்டும். பீல்ட்ல பிள்ளைகள் பார்த்துச் செய்வாங்க."

பிள்ளைகள் பார்த்துத்தான் செய்தார்கள். கேள்வி கேட்கப் போனவர்கள் எல்லாரும் வன்னிப் பெண் பிள்ளைகள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது காணாமல் போனவர்களை எதில் போடுவது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. தரவுகள் வந்து சேர்ந்தபோது, கணவன் காணாமல் போன ஒவ்வொரு வீட்டிலும் "உயிருடன் உள்ளார்" என்று பதிவாகியிருந்தது. ஒருவரோடு ஒருவர் கதைத்துச் செய்ததும் இல்லை. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த ஜெசிந்தா என்ற பிள்ளையிடம் கேட்டேன்.

"சேர், அந்த அக்கா நெத்தியில பொட்டோட எனக்கு முன்னால இருந்து தேத்தண்ணி தாறா. அவா பாத்துக்கொண்டிருக்க 'இறந்துவிட்டார்' எண்டதை நான் எப்பிடி அமத்திறது? விரல் போகுமே? உங்களுக்குப் போகுமே?"

போகாது என்றுதான் சொன்னேன்.

கொழும்பில் ஒரே மகிழ்ச்சி. தயாளன் மின்னஞ்சலே அனுப்பினார், ஆச்சரியக்குறிகளோடு. எதிர்பார்த்ததைவிட வன்னியில் முழுமையான குடும்பங்கள் அதிகம் என்று தரவு காட்டுகிறதாம். வண்ண வண்ணமாக வரைபடம் வேறு. இந்த மண்ணில் சனம் பட்ட பாட்டை ஒரு சின்னக் கணினி துடைத்து எறிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாக அரசாங்கம் தேடியும் கிடைக்காத மனிதர்களை, தயாளன் குளிர் அறையில் இருந்தபடி கண்டுபிடித்துவிட்டார்.

அக்கா ஒரு தண்ணீர் மோட்டாருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். மேட்டுக்காணியில் கச்சான் கடலையும் மிளகாயும் போட்டிருந்தாள். கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் வாளியால் அள்ளி ஊற்றித்தான் பயிரைக் காப்பாற்ற வேண்டும். அவளுடைய தோள்மூட்டு அந்த ஆண்டு கைவிட்டிருந்தது. அந்தக் காணி பொய்த்தால் தாரணியின் படிப்பு அதோடு நிற்கும். கிராம அலுவலரான விதானையார் கூப்பிட்டு, "உங்கட பேர் வரேல்லை அம்மா. கணவர் உயிரோட இருக்கிறார் எண்டு காட்டுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் தயாளனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். மனிதர் கோபப்படவே இல்லை. குரலை இன்னும் இனிப்பாக்கினார்.

"உங்க சிஸ்டரா? முதல்லயே சொல்லியிருக்கலாமே பிரதர். பாஸ்வேட் உங்ககிட்டதானே இருக்கு. உள்ள போய் அவங்கட ஒரு ரெக்கோட்ட மட்டும் 'இறந்துவிட்டார்'னு மாத்திடுங்க. ரெண்டு செக்கன் வேலை. யாருக்குத் தெரியப்போகுது?"

சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு அது எனக்கு நியாயமாகவே பட்டது. ஓர் எழுத்து, இயந்திரத்துக்குள் எங்கேயோ ஒரு மூலையில். மோட்டார் வந்துவிடும். ஆனாலும் அக்காவிடம் கேளாமல் செய்ய மனம் வரவில்லை. அடுத்த நாள் பஸ் எடுத்து வட்டக்கச்சிக்குப் போனேன். அக்கா கிணற்றடியில் ஒற்றைக் கையால் வாளி இழுத்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கி இழுத்தேன். இழுத்துக்கொண்டே விசயத்தைச் சொன்னேன்.

"உன்ர கொம்பியூட்டர் அவர் உயிரோட இருக்கிறார் எண்டு சொல்லுதோ?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா, அப்பிடித்தான் பதிஞ்சு கிடக்கு."

"அப்ப எங்க எண்டும் கேட்டுச் சொல்லு."

நக்கலாகத்தான் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இந்த வாய் இருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பதில் வந்தாலும் வரும் என்பது போல. நான் வாளிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். ஒருவழியாகத் தயாளன் சொன்ன வழியையும் சொன்னேன்.

"நீ அங்க இருந்து அதை அமத்திப்போடுவாய். பிறகு இஞ்ச ஒருநாள் ஒருத்தன் வந்து, 'அம்மா, நீங்கள்தானே செத்திட்டார் எண்டு எழுதிக் குடுத்து மோட்டர் எடுத்தனீங்கள், இனி என்னத்துக்குத் தேடுறியள்' எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?"

"அப்பிடிக் கேக்க மாட்டினம் அக்கா."

"கேக்கிறவங்களை எனக்குத் தெரியும் தம்பி. உனக்குத் தெரியாது. அரசாங்கக் கச்சேரியில மரணச் சான்றிதழ் எடுங்கோ, நட்டஈடு தாறம் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டினம். நான் எடுக்கேல்லை. ஒரு மோட்டருக்காக எடுப்பனே?"

வாளியை என்னிடமிருந்து வாங்கி, திரும்பவும் கிணற்றுக்குள் விட்டாள்.

நெளுக்குளத்துக்குத் திரும்பி வந்து சப்பாத்தோடு முன்னறையில் இருந்தேன். தயாளன் மேல் வந்த ஆத்திரம் அடங்கவில்லை. இந்த வேலையை விட்டெறியப் போகிறேன் என்று சுகந்தியிடம் சொன்னேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"விட்டால் உங்கட சேருக்கு நல்லதுதான். அந்த மனிசனுக்கு 'இல்லை' எண்டு எழுத வராது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அப்ப எழுத வையுங்கோவன்."

இருவரும் சேர்ந்துதான் அந்த மின்னஞ்சலை எழுதினோம். இவ்வளவு பணிவான கடிதத்தை என் வாழ்நாளில் எழுதியதில்லை. "மதிப்புக்குரிய சேர், என் அக்காவின் கணவர் காணாமல் போனவர். அவர் இறந்துவிட்டதாகப் பதிவை மாற்றும்படி தாங்கள் தொலைபேசியில் வழங்கிய ஆலோசனைக்கு நன்றி. ஒருவருக்கு மட்டும் அவ்வாறு செய்வது நீதியாகாது என்பதால், இத்திட்டத்தில் கணவன் காணாமல் போன அனைவரையும் இறந்தவர்களாக மாற்ற ஆயத்தமாக உள்ளேன். தாங்கள் எழுத்தில் உறுதிப்படுத்தியதும் ஆரம்பிப்பேன்." தலைமை அலுவலகத்துக்குப் பிரதி. "நன்றிக்கு முன்னால 'மனமார்ந்த' எண்டு போடுங்கோ" என்று சுகந்தி சொன்னாள். போட்டு, ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்பினேன்.

சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"பிரதர், ஏன் மெயில் போட்டீங்க? பேசித் தீர்த்திருக்கலாமே!"

"எழுத்தில இருந்தால் வசதி எண்டு பாத்தன் சேர். தொடங்கட்டோ?"

"தொடங்காதீங்க, தொடங்காதீங்க."

"அதை ஒருக்கா மெயில்ல சொல்லிவிடுங்கோ சேர்."

அந்த மனிதர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்று "வேண்டாம்" என்று எழுதினார். ஆனால் அதற்குள் வெளிநாட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. எவ்வளவு முக்கியமான அவதானிப்பு, ஏன் இதுவரை மூன்றாவது விடை இல்லை, உடனே சேருங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதற்குத் தயாளன் எழுதிய பதில் எனக்கும் வந்தது. இதைப் பற்றித் தான் சில காலமாகவே ஆழமாகச் சிந்தித்து வந்ததாக எழுதியிருந்தார். ஆச்சரியக்குறிகளோடு.

மூன்றாவது விடையைச் சேர்த்து, அதைத் தொட்டாலும் உதவிக்குத் தகுதி என்று ஆக்கினேன். "காணாமல் போனவர், குடும்பம் தேடிக்கொண்டிருக்கிறது." இரண்டாவது பாதி என் சொந்தச் சரக்கு. யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் மறுபடியும் வீடு வீடாகப் போனார்கள். ஜெசிந்தா வந்து, "சேர், இப்ப அவைக்கு முன்னால வைச்சே அமத்தலாம். சில பேர் தாங்களே விரலை வைச்சு அமத்தினவை" என்று சொன்னாள். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லலாம்.

மோட்டார் வந்தது. சும்மா வரவில்லை. பந்தல், பதாகை, மங்கள விளக்கு, தயாளனுக்கு மாலை. வெயிலுக்குள் பெண்களை வரிசையாக நிறுத்தி, மோட்டாரைத் தொட்டுக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். அக்கா சிரிக்கவில்லை. படம் பிடித்தவர், "அம்மா, கொஞ்சம் சந்தோசமா நில்லுங்க" என்று கெஞ்சினார். "மோட்டரைத்தானே படம் எடுக்கிறியள், அதைச் சிரிக்கச் சொல்லுங்கோ" என்றாள். களத்தின் குரலுக்குச் செவிசாய்ப்பது எப்படி என்று தயாளன் பிற்பாடு வெளிநாடுகளில் பேசித் திரிந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அடுத்த ஒப்பந்தம் வரவில்லை. காரணம் கேட்டு மின்னஞ்சல் போட்டேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் பல காலம் வேலை செய்தேன். சொல்லத் தக்கதாக ஒன்றும் இல்லை. கண்ணும் மணிக்கட்டும் போதும் என்றன. என்னுடைய வேலையை இப்போது ஏஐ நொடியில் செய்கிறதாம். செய்யட்டும். நான் எழுதியவற்றில் பெரும்பகுதி மீசைக்குக் கீழே அம்மனை வைத்த மாதிரியானவைதான். அதற்கு ஒரு மனிதன் கண்ணைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதுவரை எழுதியதைத் தாரணிக்குக் காட்டவெனப் போன கிழமை வட்டக்கச்சிக்குப் போனேன். அக்கா கதிரையில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள். முடி நரைத்துவிட்டது. பொட்டு அப்படியே இருந்தது. தாரணி தன் கைத்தொலைபேசியை எடுத்து, ஏஐ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தமிழ் பேசுகிறது என்று எனக்குக் காட்டினாள். பயிருக்கு வந்த நோயைப் பற்றிக் கேட்டாள், சொன்னது. பஸ் நேரம் கேட்டாள், சொன்னது.

"எல்லாம் தெரியுமோ இதுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"கிட்டத்தட்ட எல்லாம் தெரியும் அம்மா."

"இஞ்ச கொண்டா."

கையைச் சீலையில் துடைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினாள். அதை வாய்க்குக் கிட்டப் பிடித்து, அத்தானின் முழுப்பெயரையும் சொன்னாள். தகப்பன் பெயரையும் சொன்னாள், கடைசியாகக் கண்ட இடத்தையும், உடுத்தியிருந்த சாரத்தின் நிறத்தையும் சொன்னாள். இத்தனை ஆண்டுகளாக எல்லா மேசைகளுக்கு முன்னாலும் சொல்லிச் சொல்லி, அது அவளுக்குத் தட்டாமல் வந்தது. "இவர் எங்க இருக்கிறார் எண்டு சொல்லு" என்றாள்.

தாரணி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

தொலைபேசி இனிய பெண் குரலில் பேசியது. "உங்கள் வேதனையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. தனிநபர்கள் குறித்த இத்தகைய தகவல்கள் என்னிடம் இல்லை. தயவுசெய்து உரிய அலுவலகங்களைத் தொடர்புகொள்ளவும். வேறு ஏதேனும் உதவி தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள்."

அக்கா முழுவதையும் கேட்டாள். முடிந்துவிட்டதா என்று இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தொலைபேசியை மகளின் கையில் கொடுத்துவிட்டு, கச்சான் சுளகை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"உதையேதான் கச்சேரியில இருந்த பெடியனும் சொன்னவன்," என்றாள். "ஆனா அவன் அதைச் சொல்லேக்க, என்ர முகத்தைப் பாக்கேலாமல் குனிஞ்சவன்."